துவோனெலா ஆற்றங்கரையில் ஒரு தாய்

அந்த ஓவியத்தில் முதலில் என் கண்ணில் பட்டவை கற்கள்தான். கறுப்பும் சாம்பலுமாகக் கரையெங்கும் கற்கள். அவற்றின் மேல் அங்கங்கே சிவப்பு. ரத்தமா, கல்லில் படரும் பாசியா என்று கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். நடுநடுவே எலும்புகள், மண்டையோடு. அப்புறம்தான் பார்வை மெல்ல மேலே ஏறியது. வெளிறிப்போன உடம்போடு ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். பக்கத்தில் வயதான ஒரு பெண். அவள் கை அவன்மேல் இருக்கிறது, முகம் மட்டும் வானத்தைப் பார்க்கிறது. அங்கிருந்து மெல்லிய பொன்னிறக் கோடுகளாக வெளிச்சம் இறங்குகிறது. பின்னால் மையைக் கொட்டி வைத்தது போன்ற தண்ணீர், அதில் ஓர் அன்னம்.

‘லெம்மின்கைனனின் தாய்’. 1897இல் அக்செலி கல்லென்-கல்லெலா வரைந்தது. ஹெல்சிங்கி ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கும் அத்தெனேயும் கலைக்கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். பெரிய ஓவியம் என்று நினைத்துப் போயிருந்தேன். அகலம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஃபின்லாந்து நாட்டார் தங்கள் தேசத்தின் முகம் என்று கொண்டாடும் ஓவியங்களில் இதுவும் ஒன்று. அந்த முகத்தில் காவிய நாயகன் செத்துக் கிடக்கிறான். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான்.

எனக்கு இந்தக் கதை தமிழில்தான் அறிமுகம். ஃபின்லாந்தில் குடியேறிய ஈழத்து எழுத்தாளர் ஆர். சிவலிங்கம், உதயணன் என்ற பெயரில் எழுதியவர், ‘கலேவலா’ என்ற அந்த நாட்டுக் காவியம் முழுவதையும் தமிழ்ச் செய்யுளாக்கினார். 1994இல் அது வெளிவந்தது. ஐம்பது பாடல்களையும் ஒரு மனிதர் உட்கார்ந்து தமிழாக்கியிருக்கிறார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. வைனாமொயினன், இல்மரினன், லெம்மின்கைனன், லொவ்ஹி என்று அந்தப் பெயர்கள் தமிழ் எழுத்தில் முதலில் இடறும். நாலு பாட்டு தாண்டினால் நம் ஊர்ப் பெயர்கள் மாதிரி பழகிவிடும்.

லெம்மின்கைனன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடநாட்டுத் தலைவி லொவ்ஹியின் மகளைப் பெண் கேட்டுப் போகிறான். அவள் வேலைமேல் வேலை வைக்கிறாள். கடைசி வேலை, மரண உலகான துவோனெலாவின் ஆற்றில் நீந்தும் அன்னத்தை எய்து வர வேண்டும். போன இடத்தில், முன்பு இவன் அவமானப்படுத்திய ஒரு குருட்டு மாட்டுக்காரன் இவனைக் கொன்று ஆற்றில் தள்ளுகிறான். மரண தேவனின் மகன் உடலைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறான். வீட்டிலோ, அவன் சுவரில் மாட்டிவிட்டுப் போன சீப்பிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. தாய்க்குப் புரிந்துவிடுகிறது.

அவள் ஓடுகிறாள். மரத்தைக் கேட்கிறாள், பாதையைக் கேட்கிறாள், நிலவைக் கேட்கிறாள். எல்லாரும் தங்கள் கவலையே பெரிதென்று சொல்லிவிட, சூரியன்தான் உண்மையைச் சொல்கிறது. கொல்லன் இல்மரினனிடம் ஒரு நீண்ட வாருகோல் அடித்து வாங்கிக்கொண்டு ஆற்றில் இறங்கி வாருகிறாள். முதலில் சட்டை வருகிறது. பிறகு உடல், அதுவும் முழுதாக இல்லை. கையைக் காணோம், தலையில் பாதியைக் காணோம். மறுபடி வாருகிறாள். ‘விட்டுவிடு, இனி இவன் ஆளாக மாட்டான்’ என்கிறது ஒரு காகம். அவள் விடவில்லை. எலும்போடு எலும்பு, தசையோடு தசை, நரம்போடு நரம்பு என்று சேர்த்துக் கட்டுகிறாள். உடம்பு சேர்ந்துவிட்டது, பேச்சு வரவில்லை. மருந்துக்குத் தேன் கொண்டுவர ஒரு தேனீயை அனுப்புகிறாள். இரண்டு முறை கொண்டுவந்த தேனில் பலன் இல்லை. மூன்றாம் முறை அது வானத்துக்கே போகிறது.

ஓவியத்தில் இருப்பது அந்தக் காத்திருப்பு.

சரி, இந்தக் கதை எப்படி ஒரு தேசத்தின் கதை ஆனது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஃபின்லாந்து பல நூறு ஆண்டுகள் ஸ்வீடனின் பகுதியாக இருந்தது. 1809இல் போரில் தோற்ற ஸ்வீடன் அதை ரஷ்யாவிடம் கொடுத்தது. ஜார் மன்னர் அதைத் தனிச் சட்டங்கள் கொண்ட ஒரு சிற்றரசாக வைத்துக்கொண்டார். அங்கே படித்தவர்கள் பேசியது, எழுதியது, வழக்காடியது எல்லாம் ஸ்வீடிஷில். ஃபின்னிஷ் குடியானவர்களின் பேச்சு. தங்களுக்கென்று ஒரு மன்னர் வரிசை கிடையாது, சொல்லிக்கொள்ள ஒரு பேரரசு கிடையாது. ‘நாம் ஸ்வீடன்காரர்கள் அல்ல, ரஷ்யர்கள் ஆகப்போவதும் இல்லை, ஆகவே ஃபின்களாக இருப்போம்’ என்று அங்கே ஒரு வாசகம் வழங்குகிறது. ஃபின்களாக இருப்பது என்றால் என்ன என்ற கேள்விக்கு அப்போது யாரிடமும் பதில் இல்லை.

பதிலைத் தேடி நடந்தவர்களில் ஒருவர் எலியாஸ் லொன்ரொத். 1802இல் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர், படித்து மருத்துவரானவர். கயானி என்ற ஒதுக்குப்புறமான ஊரில் மாவட்ட வைத்தியராக இருந்துகொண்டே காடும் சதுப்புமாகக் கிடந்த கிழக்கு எல்லையைத் தாண்டி, ரஷ்யாவுக்குள் இருந்த கரேலியக் கிராமங்களுக்கு நடந்தார். அங்கே எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்களின் வாயில் பழைய பாட்டுகள் உயிரோடு இருந்தன. 1834இல் லத்வாயார்வி என்ற சிற்றூரில் அர்ஹிப்பா பெர்த்துனென் என்ற முதியவரைச் சந்தித்தார். இரண்டு நாள் பாடியும் தீராமல் மூன்றாம் நாளும் பாடினாராம் அவர். தன் சின்ன வயதில், ஏரிக்கரையில் மீன்பிடிக்கப் போகும் இரவுகளில், நெருப்பை மூட்டிவிட்டு அப்பாவும் இன்னொரு ஆளும் கைகோத்து உட்கார்ந்து விடியும்வரை பாடுவார்கள், பாடிய பாட்டை மறுபடி பாடமாட்டார்கள் என்று லொன்ரொத்திடம் சொல்லியிருக்கிறார். அந்த நெருப்பையும் கோத்த கைகளையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இப்படிச் சேர்த்த பாட்டுகளைத் தொடுத்து லொன்ரொத் 1835இல் ‘கலேவலா’வை வெளியிட்டார். முன்னுரையில் அவர் போட்ட தேதி பிப்ரவரி 28. இன்றும் அது அங்கே கலேவலா நாள். முதல் பதிப்பு 500 பிரதிகள்தான்; அவை விற்றுத் தீரப் பல வருடங்கள் ஆயின. 1849இல் விரிவாக்கிய பதிப்பு வந்தது: 50 பாடல்கள், 22,795 வரிகள்.

தொடுத்தார் என்று சொன்னேன். அந்தச் சொல்லுக்குள்தான் விஷயமே இருக்கிறது. ஒரே கதையாக அந்தப் பாட்டுகள் எந்தக் கிராமத்திலும் இருந்ததில்லை. எதற்குப் பின் எது, யார் யாருக்கு என்ன உறவு என்பதையெல்லாம் லொன்ரொத்தான் தீர்மானித்தார். ஐனோவை எடுத்துக்கொள்ளுங்கள். கிழவன் வைனாமொயினனுக்கு வாழ்க்கைப்பட விரும்பாமல் தண்ணீரில் மூழ்கி இறந்துபோகும் பெண். பழைய பாட்டுகளில் அப்படி ஒரு பெயரே இல்லை. ‘ஒரே மகள்’ என்னும்போது வரும் ‘ஒரே’ என்ற அடைமொழிதான் அங்கே ‘ஐனோ’. லொன்ரொத் அதைப் பெயராக்கிவிட்டார். பிற்பாடு ஃபின்லாந்தில் எத்தனையோ வீடுகளில் பெண்குழந்தைகளுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். இசையமைப்பாளர் சிபேலியஸின் மனைவி பெயரும் ஐனோதான்.

இதைக் கேட்டு ‘அப்போ எல்லாம் ஜோடனைதானே’ என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு அடைமொழி பெயராகி, அந்தப் பெயரை ஒரு தாய் தன் குழந்தையைக் கூப்பிடப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், அந்தப் பெயர் அவர்களுடையது. ஆனால் அது எங்கிருந்து, யார் வாயிலிருந்து வந்தது என்பதை மறக்கக் கூடாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

காவியம் வந்துவிட்டது, முகம் வரவில்லை. காவியத்தின் மூத்த நாயகன் வைனாமொயினன் எப்படி இருப்பான்? ஆரம்பத்தில் வரைந்தவர்களுக்குக் கிரேக்க, ரோமச் சிலைகள்தான் முன்மாதிரி. ரோபர்ட் வில்ஹெல்ம் ஏக்மன் வரைந்த வைனாமொயினனைப் பார்த்தால், நீளத் தாடியும் மடிப்பு மடிப்பான ஆடையுமாக, ஏதோ ஒலிம்பஸ் மலையிலிருந்து இறங்கி வந்தவன் மாதிரி இருக்கும். காவியத்தின் இன்னொரு பாத்திரமான குல்லர்வோ தன் வாளோடு பேசும் சிலையை வடித்த ஷோஸ்ட்ராண்ட் ஸ்வீடனிலிருந்து வந்த சிற்பி. அவர்கள்மேல் குறையில்லை, படித்த பள்ளி அப்படி. ஆனால் கரேலியக் காட்டு வெயிலும் புகையடைந்த மரவீடும் அந்த உருவங்களில் இல்லை.

கல்லென்-கல்லெலா பிறந்தது 1865இல், மேற்குக் கடற்கரை ஊரான போரியில். அப்போது அவர் பெயர் அக்செல் வால்டெமார் கல்லேன். வீட்டில் பேசியது ஸ்வீடிஷ். அக்செலி கல்லென்-கல்லெலா என்ற ஃபின்னிஷ் வடிவத்துக்கு 1907இல்தான் முறையாக மாறினார். ஓவியம் படிக்க 1884இல் பாரிஸ் போனார். கலேவலாவிலிருந்து அவர் எடுத்த முதல் பெரிய ஓவியம் ஐனோவின் கதை. மூன்று பலகைகளாக அமைத்தார்: காட்டில் கிழவன் அவளைச் சந்திப்பது, கரையில் அவள் அழுவது, நடுவில் மீனாக மாறிவிட்ட அவள் அவன் கைக்குத் தப்பித் துள்ளுவது. இதை அவர் வரைந்தது 1888-89இல், பாரிஸில் உட்கார்ந்துகொண்டு. ஊரை விட்டு வெளியே போனவனுக்குத்தான் ஊர் ஒரு படமாகத் தெரியும் போலிருக்கிறது.

1890இல் மேரி ஸ்லோரை மணந்துகொண்டு, தேனிலவுக்கு அவர் போனது கிழக்கே, கரேலியக் காடுகளுக்கு. அந்தக் காலத்தில் ஃபின்லாந்தின் ஓவியர்கள், பாடகர்கள், படம் பிடிப்பவர்கள் என்று பலரும் தீர்த்த யாத்திரை போவது போல அங்கே போனார்கள். அங்கே பார்த்த முகங்கள், மரவீடுகள், படகுகள், பெண்களின் ஆடைகள் எல்லாம் அவர் ஓவியத்துக்குள் வந்தன. 1891இல் ஐனோ ஓவியத்தை இரண்டாம் முறை வரைந்தார். இன்று அத்தெனேயுமில் இருப்பது அதுதான். அதில் வைனாமொயினன் ஒலிம்பஸ்காரன் இல்லை. படகில் தடுமாறி, கைக்கு எட்டிய மீனைத் தவறவிடும் ஒரு கிழவன். உழைத்து முறுக்கேறிய உடம்பு, ஏமாந்த முகம்.

அடுத்து நடந்ததைச் சொல்லாமல் 1897க்குப் போக முடியாது.

அவருடைய முதல் குழந்தை 1891இல் பிறந்தாள். காவியத்தின் கடைசிப் பாடலில் வரும் கன்னித் தாயின் பெயரை, மர்யத்தா என்று, மகளுக்கு வைத்தார். ருவோவெசி என்ற ஊரில் ஏரிக்கரையில் பெரிய மரக்கட்டைகளை அடுக்கிக் கலெலா என்ற வீட்டையும் பட்டறையையும் கட்டினார். 1895இல் நார்வே ஓவியர் எட்வர்ட் முன்க்கோடு சேர்ந்து பெர்லினில் கண்காட்சி வைத்திருந்தபோது, ஊரில் குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. இவர் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாலு வயதுகூட நிறையவில்லை. அந்த வருடம் அவர் மரக்கட்டையில் செதுக்கிய சிறு அச்சுப்படம் ஒன்று உண்டு: ‘மரணத்தின் மலர்’. மகளின் நினைவுக்காகச் செய்தது.

அதற்குப் பிறகு அவர் வரைந்த விதமே மாறியது. முன்பெல்லாம் ஒளி, நிழல், தோலின் ஈரம், தண்ணீரின் அலை என்று கண் கண்டதையெல்லாம் அப்படியே கொண்டுவரப் பார்த்தார். இப்போது தடித்த கோடுகள், தட்டையான நிறப் பரப்புகள், அசைவற்ற உருவங்கள். எண்ணெய் வண்ணத்தின் மினுக்கம் போய், டெம்பரா என்ற முட்டைக்கரு வண்ணத்தின் மங்கல் வந்தது. நேற்று நடந்ததைப் பார்ப்பது போல இருந்தவை, என்றைக்கும் நடந்துகொண்டிருப்பதைப் பார்ப்பது போல ஆகிவிட்டன. அன்றைய ஐரோப்பாவில் அந்தப் பாணி பரவிக்கொண்டிருந்தது உண்மைதான். அவரிடம் அது வந்து சேர்ந்த வழி ஒரு சின்னச் சவப்பெட்டியைக் கடந்து வந்தது என்று நான் நம்புகிறேன்.

1897இல் லெம்மின்கைனனின் தாயை வரைய வேண்டி வந்தபோது, மாதிரியாக அமர்த்தியது தன் சொந்தத் தாய் மதில்தாவை. குழந்தையைப் பறிகொடுத்த மகன், தன் அம்மாவை உட்கார வைத்து, பிள்ளையைப் பறிகொடுத்த தாயை வரைகிறான். அந்த அறையில் என்ன பேசியிருப்பார்கள்? அந்தப் பெண்மணியின் நிமிர்ந்த கழுத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

இந்த ஓவியத்தை எண்ணும்போது எனக்கு எப்போதும் பக்கத்தில் இன்னொன்று வந்து நிற்கும். அதே பேரரசில், ஒரே ஒரு வருடம் கழித்து, 1898இல், ரஷ்ய ஓவியர் வாஸ்நெத்சோவ் ‘போகாத்திர்கள்’ ஓவியத்தை முடித்தார். ரஷ்யப் பழங்கதைகளின் மூன்று மாவீரர்கள் குதிரைமேல், கவசம் அணிந்து, எல்லையைக் கூர்ந்து பார்த்தபடி. மாஸ்கோவின் திரெத்யாகோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. சுவரையே அடைத்துக்கொள்ளும் அளவு. ஜெர்மனியிலோ ரோமர்களை வென்ற ஹெர்மனுக்கு 1875இல் மலையுச்சியில் சிலை திறந்தார்கள். அவன் ஓங்கிய வாள் மட்டும் 7 மீட்டர். ஸ்வீடனின் விங்கே 1872இல் வரைந்த இடி தேவன் தோர் அரக்கர்களைச் சுத்தியலால் நொறுக்குகிறான். அந்த நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்க ஒவ்வொரு நாடும் தன் பழங்கதைக்குள் ஒரு வீரனைத் தேடியெடுத்து மெருகேற்றி நிறுத்தியது. பெரிய நாடுகளின் வீரர்கள் பெரிய ஆயுதங்களோடு வந்தார்கள்.

கல்லென்-கல்லெலாவுக்கு ஆயுதம் தெரியாது என்று சொல்ல வரவில்லை. 1896இல் வரைந்த ‘சம்போவைக் காத்தல்’ ஓவியம் இன்று துர்க்கு நகரத்தில் இருக்கிறது. சம்போ என்பது ஒரு பக்கம் மாவும், ஒரு பக்கம் உப்பும், ஒரு பக்கம் பணமும் அரைத்துக் கொட்டும் மாய ஆலை. அதை எடுத்துக்கொண்டு வரும் படகை லொவ்ஹி ராட்சதப் பறவையாக மாறி மறிக்கிறாள். உடைந்த படகின் பலகைகளைச் சிறகாகவும், அரிவாள்களை நகமாகவும் மாட்டிக்கொண்டு வருகிறாள் என்கிறது பாட்டு. படகின் மேல் வெள்ளைத் தாடி பறக்க, வாளை ஓங்கி நிற்கிறான் வைனாமொயினன். கடைசியில் சம்போ யாருக்கும் இல்லாமல் கடலில் விழுந்து நொறுங்குகிறது. கரை ஒதுங்கிய துண்டுகள்தான் மிச்சம். அவற்றால்தான் அந்த மண்ணுக்கு வாழ்வு. முழுசாக ஜெயித்த கதை இந்தக் காவியத்தில் கிடைப்பது அரிது.

1899 பிப்ரவரியில் ஜார் இரண்டாம் நிக்கோலஸ், ஃபின்லாந்தின் நாடாளுமன்றத்தைக் கேளாமலே அங்கே சட்டம் போடலாம் என்று பிரகடனம் வெளியிட்டார். பனிக்காலத்தில், சறுக்குக் கட்டைகளில் வீடு வீடாகப் போய் இரண்டு வாரத்துக்குள் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் வாங்கினார்கள். நாட்டின் மக்கள்தொகை அப்போது 27 லட்சத்தை எட்டவில்லை. மனுவைக் கொண்டுபோன 500 பேரை ஜார் பார்க்கவே மறுத்துவிட்டார். அந்த ஆண்டுதான் எட்வர்ட் ஈஸ்தோ ‘தாக்குதல்’ ஓவியத்தை வரைந்தார்: வெள்ளுடை அணிந்த ஃபின்லாந்துக் கன்னியின் கையிலுள்ள சட்டப் புத்தகத்தை ரஷ்யாவின் சின்னமான இரட்டைத்தலைக் கழுகு கிழிக்கிறது. அதற்கப்புறம் லொவ்ஹியின் சிறகுகளை வெறும் கதைப் பறவையின் சிறகுகளாக யார் பார்த்திருப்பார்கள்?

கல்லென்-கல்லெலா அதே 1899இல் வரைந்தது ‘குல்லர்வோவின் சாபம்’. குல்லர்வோ அடிமையாக விற்கப்பட்ட பையன். மாடு மேய்க்க அனுப்பும்போது எசமானி ரொட்டிக்குள் ஒரு கல்லை வைத்துச் சுட்டுக் கொடுக்கிறாள். பசியோடு காட்டில் உட்கார்ந்து ரொட்டியை வெட்டுகிறான். கத்தி கல்லில் பட்டு முறிகிறது. அவனிடம் அப்பாவின் நினைவாக இருந்த ஒரே பொருள் அந்தக் கத்தி. முஷ்டியை ஓங்கிச் சபிக்கிறான். வீரன் என்று சொல்ல முடியாத ஒரு சின்னப் பையன், பெரிய காட்டின் நடுவே. அந்த வருடம் அந்த நாட்டில் இருந்த யாருக்கும் விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

1900இல் பாரிஸில் உலகக் கண்காட்சி. ரஷ்யாவின் கீழ் இருந்தும் ஃபின்லாந்துக்குத் தனிக் கூடம் கிடைத்தது. கெஸெல்லியுஸ், லிண்ட்கிரென், ஸாரினென் என்ற மூன்று இளம் கட்டடக் கலைஞர்கள் ஒரு கிராமத்துத் தேவாலயம் போல, கரடிச் சிற்பங்களோடு அதைக் கட்டினார்கள். உள்ளே விதானத்தில் கல்லென்-கல்லெலா ஈரச் சுண்ணத்தின் மேல் கலேவலாக் காட்சிகளைத் தீட்டினார். அதில் ஒன்று, இல்மரினன் பாம்பு வயலை உழுவது. பெண் கேட்டுப் போன இடத்தில் அவனுக்கு வைத்த சோதனை அது. வயல் நிறைய விரியன்கள் நெளிகின்றன. அவற்றில் ஒரு பாம்பின் தலையில் ஜார் வம்சமான ரோமனோவ்களின் மணிமுடி. ரஷ்யாவின் கூரைக்குக் கீழேயே, உலகமே வந்து பார்க்கும் இடத்தில் அதை வரைந்தார்! ஒரு பழங்கதை ஒரு மனிதனுக்கு எவ்வளவு துணிவு தரும் என்பதற்கு எனக்கு அதைவிட நல்ல உதாரணம் தெரியாது. கண்காட்சி முடிந்ததும் அந்தக் கூடம் இடிபட்டது, ஓவியங்களும் போயின. 1928இல், அறுபதைத் தாண்டிய வயதில், அதே காட்சிகளை ஹெல்சிங்கி தேசிய அருங்காட்சியகத்தின் நுழைவு மண்டபத்து விதானத்தில் மறுபடி தீட்டினார். அங்கே போனால் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பாருங்கள்.

இனி, பின்னால் சொல்கிறேன் என்று நான் வைத்த கடன்: பாட்டுகள் யார் வாயிலிருந்து வந்தன என்ற விஷயம்.

பாட்டுகளைக் கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? லாரின் பரஸ்கே என்று ஒரு பாட்டி, இங்கெர்லாந்துப் பகுதியைச் சேர்ந்தவர். ஒரு பாதிரியார் அவரிடமிருந்து 32,000 வரிகளுக்கு மேல் எழுதி எடுத்தார். ஓவியர் எதெல்ஃபெல்த் 1893இல் அவர் உருவத்தை வரைந்தார். எயரோ யார்னெஃபெல்தும் வரைந்தார். சிபேலியஸ் அவர் பாடக் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் வாழ்க்கை முழுக்க, பீட்டர்ஸ்பர்க்கின் அநாதைக் குழந்தைகளைக் கூலிக்கு வளர்த்தும், ஆற்றில் படகு இழுத்தும் பிழைத்தவர். 1904இல் வறுமையிலேயே இறந்தார். இன்று ஹெல்சிங்கியில் அவருக்குச் சிலை இருக்கிறது. பாடியவர்களின் கிராமங்கள் பலவும் அன்றும் இன்றும் எல்லைக்கு அந்தப் பக்கம், ரஷ்யாவில். மதமும் வேறு, ஃபின்லாந்து லூத்தரன், அவர்கள் ஆர்த்தடாக்ஸ். ‘எங்கள் காவியம்’ என்று ஹெல்சிங்கி சொன்னபோது, பாடியவர்களை யாரும் கேட்கவில்லை.

அந்த ‘எங்கள்’ பிறகு நிலத்தையும் கேட்டது. 1917இல் விடுதலை பெற்ற மறு ஆண்டே உள்நாட்டுப் போர். 36,000 பேருக்கும் மேல் மாண்டார்கள். கல்லென்-கல்லெலா செம்படையை எதிர்த்த ‘வெள்ளை’ அணியின் பக்கம் நின்றார், மகனோடு போர்முனைக்கே போனார், தளபதி மன்னர்ஹெய்ம் அவரைத் துணை அதிகாரியாக அருகில் அழைத்துக்கொண்டார். புதிய நாட்டுக்குச் சீருடைகளும் விருதுப் பதக்கங்களும் வரைந்து கொடுத்தார். 1919இல் அவர் வடிவமைத்த வெள்ளை ரோஜா விருதின் கழுத்து மாலையில் ஸ்வஸ்திகா இருந்தது. அவருக்கு அது பழங்கால அலங்காரம். ஐனோ ஓவியத்தின் சட்டத்தில்கூட இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அந்தச் சின்னத்தை என்ன செய்தார்கள் என்று நமக்குத் தெரியும். 1963இல் அதை எடுத்துவிட்டு ஊசியிலைச் சிலுவைகளை வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஃபின்லாந்துப் படை கிழக்குக் கரேலியாவுக்குள் புகுந்து 1944வரை பிடித்து வைத்திருந்தது. அப்போது கலேவலா பாடிய மண் எங்கள் மண் என்ற பேச்சு பலமாகக் கேட்டது. சோவியத் தரப்பும் சும்மா இருக்கவில்லை. லொன்ரொத் நடந்த உஹ்துவா ஊருக்கு 1963இல் அவர்கள் வைத்த பெயர்: கலேவலா.

ஓங்கிய வாள் ஓவியத்தைப் போருக்குக் கூப்பிடுவது எளிது. சம்போவைக் காக்கும் வைனாமொயினனையும் குதிரையேறிப் போருக்குப் போகும் குல்லர்வோவையும் அப்படிக் கூப்பிட்டார்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தாயை எந்தப் படையாலும் கூப்பிட முடிந்திருக்காது. அவளிடம் ஒரே ஒரு வேலைதான் இருக்கிறது, அதை அவள் முடிக்கவில்லை. நான் அவளைத் தேசத்தின் முகம் என்று ஒப்புக்கொள்வது அதனால்தான்.

பழைய பாட்டுகளைப் பற்றி ஒன்றைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். கிராமங்களில் பாடிய பல வடிவங்களில் லெம்மின்கைனன் எழுவதே இல்லை. தாய் ஆற்றை வாருகிறாள், துண்டுகளைச் சேர்க்கிறாள், அவ்வளவுதான், போனவன் போனவன்தான். அவை ஒப்பாரிகளுக்கு நெருக்கமானவை. லொன்ரொத் தன் காவியத்தில் அவனை எழுப்பிவிட்டார். ‘எவ்வளவு நேரம் தூங்கிவிட்டேன்’ என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுகிறான். ‘உன் அம்மா இல்லாவிட்டால் இன்னும் தூங்கியிருப்பாய்’ என்கிறாள் அவள். கல்லென்-கல்லெலாவுக்கு இரண்டில் எதை வேண்டுமானாலும் வரைய உரிமை இருந்தது. அவர் வரைந்த தருணத்தில் தேன் இன்னும் வந்து சேரவில்லை.

1901 தொடங்கி அவர் போரியில் ஒரு கல்லறை மண்டபத்துக்குச் சுவரோவியம் தீட்டினார். யுசேலியுஸ் என்ற வணிகர், பதினொரு வயதில் இறந்துபோன தன் மகள் சீக்ரிதுக்காகக் கட்டியது அது. ஈரம் ஏறி அந்த ஓவியங்கள் கெட்டுப்போயின. பின்னாளில் அவர் மகன் யோர்மா, அப்பாவின் மாதிரி வரைவுகளை வைத்துக்கொண்டு மறுபடி தீட்டினார்.

கலைக்கூடத்திலிருந்து கிளம்பும்போது அந்த ஓவியத்தின் தபால் அட்டை ஒன்று வாங்கினேன். மதுரைக்கு அம்மா பெயரில் அனுப்பினேன். பின்பக்கத்தில் கதையை நாலு வரியில் எழுதியிருந்தேன். இடம் போதாமல் தேனீயோடு நின்றுவிட்டது. மூன்று வாரம் கழித்து அம்மா போனில் கூப்பிட்டாள். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்தபிறகு கேட்டாள்:

“ஏய்யா, அந்தப் பய எந்திரிச்சானா இல்லையா?”

“புத்தகத்துல எந்திரிக்கிறான்மா. படத்துல இன்னும் இல்ல.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அவ மொகத்தப் பாத்தா எழுப்பிருவா போலதான் இருக்கு,” என்றாள். அட்டையைச் சாமி அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருப்பதாகவும் சொன்னாள்.